உன் நிறுவலில் ஒரு வரி தப்பு

அன்பு மகனுக்கு,

இங்க எல்லாரும் சுகம்னு எழுதினா பக்கத்துல உக்காந்திருக்கிற உங்கம்மா சிரிப்பா. அவளுக்கு முழங்கால் வலி விடல. எனக்கு இடது காதும் இப்ப அநேகமாப் போயிருச்சு. தேயிலை ஸ்டோர்ல கொழுந்து உருட்டுற மெஷின் பக்கத்துல அத்தன காலம் நின்னதுக்கு அதுதான் எனக்குக் கெடைச்ச பென்சன். மத்தபடி ரொட்டியும் சம்பலும் தேத்தண்ணியுமா பொழுது போகுது. கொட்டகலையில மழை விட்டபாடில்ல. உனக்குக் கந்தப்பளையில குளிரு இன்னும் கூடவா இருக்கும். கம்பளிச் சட்டையப் போடாம பள்ளிக்கூடம் போகாத. நீ பாடம் சொல்லிக் குடுக்கிற நாலு பிள்ளைங்க உன்னை சேர்ன்னு கூப்பிட்டாலும் எனக்கு நீ சளி பிடிச்ச பயதான்.

உன் கடிதம் வந்து ரெண்டு கிழமைக்கு மேல ஆச்சு. பதில் வரலைன்னு கோவிச்சிருப்ப. ரெண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி நாங்க ரெண்டு பேரும் இந்தியாவுக்குப் போறப்ப நீயும் வேலைய விட்டுட்டுக் கூடவே வர்றதா முடிவு பண்ணிட்டேன், மாசக் கடைசிக்குள்ள எழுதிக் குடுத்துருவேன்னு எழுதியிருக்க. அதனால நீ கையெழுத்துப் போடுறதுக்கு முன்ன இந்தக் கடிதம் உன் கையில இருந்தாகணும். நீ வர்றதுக்கான காரணத்த ஒரே பத்தியா எழுதியிருந்தியே, அதைத் திருப்பித் திருப்பிப் படிச்சு எனக்கு மனப்பாடமே ஆயிருச்சு: “பிரஜாவுரிமை கேட்டு நீங்கள் கொடுத்த விண்ணப்பத்தின் விசாரணைக்கான விளக்கத்தை எழுதியவன் நான். நாம் இந்தியாவில் ஒரு வருடத்துக்கு மேல் தங்கியதை அதில் எழுதினேன். எழுதியதால் விண்ணப்பம் தள்ளுபடியானது. தள்ளுபடியானதால் நீங்கள் இந்த நாட்டை விட்டுப் போகிறீர்கள். ஆகவே உங்களை அனுப்புகிறவன் நான். அனுப்புகிறவன் கூடவே வருவதுதான் நியாயம்.”

ஏன் தம்பி, இத்தன வருஷமா இதையா நெஞ்சுக்குள்ள வச்சுக்கிட்டுத் திரிஞ்ச? ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா? உங்கம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். முந்தானையால மொகத்தத் தொடச்சுக்கிட்டு அவ சொன்னா, “அவனா வர்றேங்கிறான். நீங்க வாயத் தெறக்காதீங்க. ஒரு தடவையாவது சும்மா இருங்க.” அவ மேல தப்பில்ல. நானாவது அந்தப் பக்கத்துல பொறந்து அரைக்கால் சட்டை வயசுல இங்க வந்தவன். அவ இந்தத் தோட்டத்து லயத்துலயே பொறந்தவ. இந்தியாவ ஒரே ஒரு தடவை பார்த்தவ, அதுவும் காய்ச்சல்ல படுத்தபடிக்கு. துறையூர்ப் பக்கம் எங்க அண்ணன் வீட்டுல அவளுக்குன்னு யாரு இருக்கா? நீ வந்தா அவளுக்கு அது ஊரு. நீ வராட்டி அது வெறும் எடம். நானும் அதனாலதான் ரெண்டு கிழமை வாய மூடிக்கிட்டு இருந்தேன். உன் பத்தியில ஒரு வரி தப்பு. தப்புன்னு எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும், உனக்கு மட்டும் தெரியாது. சொல்லாம விட்டா நீ எங்களோட வந்துருவ. சொன்னா வருவியோ மாட்டியோ. சரி, சொல்லிர்றதுன்னு இன்னைக்கு உக்காந்துட்டேன். ஆனா நீயே சொல்லுவ, ஒரு வரி தப்புன்னா ஏன் தப்புன்னு எழுதணும்னு. அதனால கொஞ்சம் பின்னால போயித்தான் வரணும்.

நீ டவுன் பள்ளிக்கூடத்துல கேத்திரகணிதம் படிக்க ஆரம்பிச்ச வருஷம் ஞாபகம் இருக்கா? நான் வேலை விட்டு வந்து அடுப்புக்கு முன்னால குந்தியிருப்பேன். நீ படிச்சத எனக்குச் சொல்லிக் காட்டணும். அது நான் போட்ட சட்டம். பாடம் எனக்குப் புரியும்னு இல்ல. பஸ் காசு குடுக்கிறவன் நானு, பய என்னதான் படிக்கிறான்னு பார்ப்போம்ங்கிற திமிருதான். கொப்பிய விரிச்சு, இடது பக்கம் கூற்று, வலது பக்கம் காரணம்னு கோடு கிழிச்சு, நடுவுல மூணு புள்ளி வச்சு “ஆகவே”ன்னு போட்டிருக்கிறதக் காட்டுவ. சிமினி விளக்கு வெளிச்சத்துல எனக்கு அந்தப் புள்ளியும் தெரியாது, வாய்க்குள்ள மொணங்கினா காதும் கேக்காது. “அதெல்லாம் ஒரு பேச்சாடா? மனுசன்கிட்ட சொல்ற மாதிரி முழுசாச் சொல்லு”ன்னு கத்துவேன். நீயும் கத்துவ. “இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சமம்ப்பா!” “எந்தப் பக்கம்?” “ஏபீயும் ஏசீயும்!” “ஏன் சமம்?” “தந்திருக்காங்கப்பா, தரவு!” அடுத்த காம்பராவுல இருந்து முத்தம்மா எட்டிப் பாத்து, “என்னண்ணே, அப்பனும் மகனும் எதப் பங்கு பிரிக்கிறீங்க? சமம் சமம்ங்கிறீங்க, சண்டையும் தீர மாட்டேங்குது”ன்னு கேப்பா. உங்கம்மா பதிலுக்கு, “ஆகவே தேத்தண்ணி ஆறிப் போச்சு, ரெண்டு பேரும் குடிங்க”ன்னு டம்ளர நீட்டுவா. நம்ம வீட்டுல ஆகவேங்கிற வார்த்தைய உப்பு புளி மாதிரி எல்லாத்துலயும் போட்டவ அவதான்.

இப்படிக் கத்திக் கத்தித்தான் நீ நிறுவல பத்தியா எழுதப் பழகின. என் செவிட்டுக் காதுக்காகச் சொன்னத அப்படியே கொப்பியில எழுத ஆரம்பிச்ச. ஒரு நாள் இருசமபக்க முக்கோணி. ரெண்டு பக்கம் சமம்னா கீழ இருக்கிற ரெண்டு கோணமும் சமம்னு நிறுவணும். நம்ம லயத்துக் கூரையக் காட்டி, ரெண்டு கைமரமும் ஒரே நீளம்னா ரெண்டு பக்கமும் ஒரே சாய்வு, அதான்ப்பான்னு சொன்ன. உச்சியில இருந்து நேரா கீழ ஒரு கோடு போட்ட. அது சரியா நடுவுல விழும்ன. “ஏன் நடுவுல விழுது?”ன்னு கேட்டேன். சத்தியமா எனக்குக் காதுல சரியா விழாமத்தான் கேட்டேன். நீ, “ரெண்டு பக்கமும் ஒரே சாய்வா இருக்கிறதால”ன்னு கத்த ஆரம்பிச்சு, பாதியில நிறுத்தி, வாயத் தெறந்தபடி கூரையவே பார்த்துக்கிட்டு நின்ன. அப்புறம் தலையில அடிச்சுக்கிட்டுச் சிரிச்ச. எத நிறுவணுமோ அதையே காரணமா எடுத்துட்டேன்ப்பா, கோடு கிழிச்சு எழுதினப்ப தெரியல, உங்களுக்குச் சொல்றப்பதான் இடிக்குதுன்ன. அப்புறம் கோட்ட நேரா கீழ விடாம, உச்சிக் கோணத்த சரிபாதியா வெட்டுற மாதிரி போட்டு, அதுல இருந்து திரும்பவும் வரி வரியா வந்து முடிச்ச. எனக்குப் பாதி புரிஞ்சுது. நீ சிரிச்ச சிரிப்பு முழுசாப் புரிஞ்சுது. உன் கணக்கு வாத்தியாரு மட்டும், “தம்பி, இது நிறுவலா கட்டுரையா? கை வலிக்கலையா உனக்கு?”ன்னு கேட்டாராம். மார்க்கக் குறைக்க அவருக்கும் வழி கெடைக்கல.

அந்த நேரத்துலதான் நம்ம விசாரணைக்குக் கடதாசி வந்துச்சு. இந்த நாட்டுல விடாம இருந்தோம்னு நிரூபிக்கணும். நடுவுல ஒரு வருஷத்துக்கு மேல வெளிய போயிருந்தா ஏலாது. நமக்கு அந்த நடு இருந்துச்சு. எங்க அப்பா செத்துப் போயி, உன்னைக் கைக்குழந்தையா தூக்கிக்கிட்டு ஊருக்குப் போனோம். கருமாதி முடியுமுன்ன உங்கம்மாவுக்குக் காய்ச்சல். அவ எந்திரிச்சு நடமாடுறப்ப யுத்த காலம்னு சொல்லிக் கப்பலேற விடல. ஹட்டன்ல மனு எழுதுறவருக்கிட்டப் போனேன். ஆண்டு ஒரு பக்கம், அத்தாட்சி ஒரு பக்கமா கோடு கிழிச்சு எழுதிருவோம் பெரியவரே, இந்தியாவுக்குப் போனத எழுத வேணாம், அந்தக் கட்டம் காலியா இருக்கிறது யாரு கண்ணுக்கும் படாதுன்னாரு. வீட்டுக்கு வந்து உன்கிட்ட சொன்னேன். நீ சொன்ன, “இல்லப்பா, பத்தியா எழுதுவோம். ஏன் போனோம், ஏன் வர முடியலைன்னு எழுதினா அவங்களுக்குப் புரியும். அந்த வரிய விட்டா அடுத்த வரி நிக்காது.” உக்காந்து எழுதின. என்னா எழுத்து! தாத்தா செத்தது, அம்மா காய்ச்சல், கப்பல் மறிச்சது, திரும்பி வந்த அன்னைக்கே நான் வேலைக்கு ஆள் எடுக்கிற பெரட்டுல பேரு குடுத்தது எல்லாம் ஒண்ணு பின்னால ஒண்ணா நடந்து வந்துச்சு. நான் நாலா மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டேன்.

இனிமேதான் உனக்குத் தெரியாத சங்கதி. விசாரணை அன்னைக்குப் பிரஜாவுரிமைக் கந்தோர் வராந்தாவுல நாம நின்னோம். உள்ள இருந்து ஒருத்தர் வந்து முத்திரை ஒண்ணு வேணும்னு சொன்னாரு. எதிர்ல இருக்கிற முஸ்லிம் நானா கடையில வாங்கிட்டு வாடான்னு உன்னை மழையில அனுப்பினேன். நீ படி எறங்கின உடனே என் பேரக் கூப்பிட்டாங்க. பெரிய ஐயா சிங்களத்துல கேட்டாரு, பக்கத்துல நின்னவரு தமிழ்ல சொன்னாரு. எனக்குக் காது கேக்காததால அவரும் லயத்துல இருக்கிற நம்ம முத்தம்மாவுக்கே கேக்குற மாதிரி கத்தினாரு. மொத கேள்வியே, “இந்தியாவுக்குப் போனியா? எவ்வளவு காலம் இருந்த?” அப்ப உன் கடதாசி என் பையிலதான் இருக்கு. இன்னும் வெளிய எடுக்கல. நான் சொன்னேன், “போனேங்க. ஒரு வருஷமும் சில மாசமும் இருந்தேங்க.” மனு எழுதுறவரு சொன்னபடி போகவே இல்லைன்னு சொல்லியிருக்கலாம். எப்படிடா சொல்லுவேன்? எங்கப்பனுக்குக் கருமாதி செய்யப் போனேன். களவெடுக்கவா போனேன், மறைக்கிறதுக்கு? நீ எழுதாம இருந்திருந்தாலும், நீ பள்ளிக்கூடமே போகாதவனா இருந்திருந்தாலும், அதையேதான் சொல்லியிருப்பேன்.

பெரிய ஐயா தலைய ஆட்டினாரு. கெட்ட மனுசர் இல்ல. சட்டப்படி ஏலாதுன்னு சொல்லி எழுதிட்டாரு. அதுக்கப்புறம்தான் நான் உன் கடதாசிய எடுத்து நீட்டினேன். “மகன் எழுதினதுங்க. ஏன்னு அதுல இருக்குங்க”ன்னேன். பக்கத்துல நின்னவரு வாங்கினாரு. மடிப்பக் கூட பிரிக்கல. அப்படியே மத்த கடதாசிக்கு அடியில வச்சு நாடாவக் கட்டிட்டாரு. வெளிய ஆள் நிறைய இருந்தாங்க, அவங்களுக்கும் நேரமில்ல. உன் பத்திய அன்னைக்கு அந்தக் கந்தோர்ல ஒருத்தரும் படிக்கல தம்பி. ஒரு வரி கூடப் படிக்கல.

வெளிய வந்தேன். நீ தலையெல்லாம் நனைஞ்சு, முத்திரை நனையாம கைக்குள்ள பொத்திக்கிட்டு ஓடி வந்த. “கூப்பிட்டாங்களா? படிச்சாங்களாப்பா?”ன்னு கேட்ட. உன் மூஞ்சியப் பாத்து, படிக்கலைன்னு எப்படிச் சொல்லுவேன்? “படிச்சாங்க. நல்லா எழுதியிருக்குன்னாங்க”ன்னேன். உனக்கு மொகம் பூரா வெளிச்சம். பஸ்ஸுல வர்றப்ப கூட ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிச்சுக்கிட்டே வந்த. ஒரு பச்சப் பிள்ளைக்குச் சந்தோசமா ஒரு பொய், அதுல என்ன வந்துருச்சுன்னு அப்ப நெனச்சேன். உங்கம்மாகிட்ட மட்டும் நடந்ததச் சொன்னேன். கொஞ்ச நாள் கழிச்சுத் தள்ளுபடிக் கடதாசி வந்துச்சு. ஒரு வருஷத்துக்கு மேல நாட்டுல இல்லாத காரணத்தால்னு அதுல போட்டிருந்துச்சு. இங்கிலீசுல இருந்ததால நீதான் எனக்குப் படிச்சுச் சொன்ன. படிச்சு முடிச்சு மடிச்சு வச்சுட்டு எந்திரிச்சுத் தண்ணி பிடிக்கிற பீலிக்கரைப் பக்கம் போயிட்ட. அதுக்கப்புறம் நீ எனக்கு எதையும் கத்திச் சொல்லல. கொப்பியில மறுபடி கோடு கிழிச்சு, கூற்று இந்தப் பக்கம், காரணம் அந்தப் பக்கம்னு எழுத ஆரம்பிச்சுட்ட. பய வளர்ந்துட்டான், அப்பன்கிட்டக் கத்துறதுக்கு வெக்கப்படுறான்னு நான் நெனச்சுக்கிட்டேன். மடையன் நான். அவங்க படிச்சதா நான் சொன்னேன், அவங்க சொன்ன காரணம் உன் வரியில இருந்துச்சு, நீ ரெண்டையும் சேர்த்துட்ட. கணக்குல நீ தப்புப் பண்ணல. நான் குடுத்த தரவு பொய்யி.

இப்ப உன் பத்திய எடுத்துப் பாரு. எழுதியதால் தள்ளுபடியானதுன்னு இருக்கே, அந்த வரி போச்சு. அது போனா அதுக்குக் கீழ இருக்கிற ஆகவே போச்சு. நீ எங்களை அனுப்பல. இந்த மலையில பொறந்து, இந்த மலையிலயே கொழுந்து கிள்ளித் தேஞ்சு போன ஒரு பொம்பளையப் பாத்து, நீ எந்த ஊருன்னு கேக்குதே ஒரு சட்டம், அது எங்களை அனுப்புது. அதப் போயி ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளையோட எழுத்து மேல போட உன்னை விடமாட்டேன். பழிய எங்க வேணா போடு, உன் தலையில போடாத.

இன்னொண்ணும் சொல்லிர்றேன், கேட்டுச் சிரிக்கலாம். இத எழுதுறதுக்கு முன்ன நான் வேற ஒண்ணு எழுதிப் பார்த்தேன். சீனி சுத்தி வந்த தாள்ல கோடு கிழிச்சு, நீ எங்களோட வரணும்னு மேல போட்டு, கீழ ஒவ்வொண்ணா நிரப்பினேன். அம்மாவுக்கு முழங்கால். எனக்குக் காது. ஒரே பிள்ளை. அங்கயும் பள்ளிக்கூடம் இருக்கு. கட்டத்துக்குள்ள போட்டுப் பாத்தா அத்தனையும் நியாயமாத்தான் தெரிஞ்சுது. உங்கம்மாவுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு, அப்படியே அனுப்புங்கன்னா. அப்புறம் உன் வழக்கப்படி பத்தியா எழுதுவோம்னு உக்காந்தேன். அம்மாவுக்கு முழங்கால் வலின்னு எழுதினேன். அடுத்து, ஆகவே நீ உன் பள்ளிக்கூடத்தையும், உன்னை நம்பி மழையில நடந்து வர்ற கொழுந்துக்காரப் பிள்ளைங்களையும் விட்டுட்டு வரணும்னு எழுதப் போனேன். பேனா நின்னு போச்சு. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவுல என்ன இருக்குன்னு எனக்கு நானே கத்திக் கேட்டுப் பாத்தேன். எங்க ஆசைதான் இருந்துச்சு, வேற ஒண்ணும் இல்ல. அந்தத் தாளை அடுப்புல வச்சுட்டேன். உன் பிள்ளைங்களுக்கும் நிறுவலப் பத்தியாவே எழுதச் சொல்லிக் குடு தம்பி. பரீட்சைக்குக் கோடு கிழிச்சு எழுதட்டும், வேணாங்கல. ஆனா யாராவது ஒரு செவிட்டு மனுசனுக்கு ஒரு தடவையாவது முழுசாச் சொல்லிப் பாத்துட்டு எழுதட்டும்.

இங்கயே இருக்கிறதுக்கும் எழுதிக் குடுக்கலாம்னு உங்க பெரிய வாத்தியார் சொன்னதா முன்னாடி எழுதியிருந்த. அதைச் செய்னும் நான் சொல்லல, செய்யாதன்னும் சொல்லல. உன் பத்திய மொதல்ல இருந்து எழுது. எழுதுறப்ப இன்னொரு தரவையும் சேர்த்துக்கோ: எங்களுக்கு நீ வேணும். நீ வராட்டி உங்கம்மா அழுவா, நானும் அழுவேன், கப்பல்ல ஏர்றப்ப திரும்பித் திரும்பிப் பார்ப்போம். இதெல்லாம் உண்மை, மறைக்க மாட்டேன். ஒரு பொய்ய நம்பி நீ கப்பலேறி, அங்க ஒரு நாள் உனக்கு உண்மை தெரிய வந்தா, உன் மூஞ்சியப் பாக்க எனக்குத் தெம்பில்ல. அத விட, தலைமன்னார்ல நின்னு அழுதுட்டுப் போறது எனக்குச் சுலுவு.

எழுதினது பூராத்தையும் இப்ப உங்கம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். சத்தம் போடுவான்னு நெனச்சேன். போடல. அடுப்புல விறகத் தள்ளி வச்சா. நான் கடிதத்த மடிக்கப் போனப்ப, “மடிக்காதீங்க, அடியில நான் சொல்றத ஒரு வரி எழுதுங்க”ன்னா. அவ சொன்னத அப்படியே எழுதுறேன். இதுக்குக் காரணம் கேக்காத, அவ சொல்லல.

“வர்றதா இருந்தா வா சாமி. ஆகவே போட்டு வராத.”

இப்படிக்கு
உன் அப்பா